இக்னிஷன் சுவிட்ச் மாற்ற எவ்வளவு ஆகும்? 1,200 சொல்பவரும் 7,400 சொல்பவரும்

கேள்வி: என்னிடம் இருப்பது 2012 மாடல் வேகன் ஆர். சாவியைத் திருப்பினால் டேஷ்போர்டு விளக்கெல்லாம் எரிகிறது, செல்ஃப் மட்டும் எடுப்பதில்லை. நாலைந்து முறை திருப்பினால் எடுத்துக்கொள்கிறது. போன வாரம் ஸ்பீடு பிரேக்கரில் ஏறி இறங்கும்போது ஓடிக்கொண்டிருந்த வண்டி அப்படியே நின்றுவிட்டது. சர்வீஸ் சென்டரில் லாக் செட் முழுவதையும் மாற்ற வேண்டும், 7,400 ரூபாய் ஆகும் என்கிறார்கள். எங்கள் தெருமுனை எலக்ட்ரீஷியன் 1,200 கொடுங்கள், சுவிட்சை மாற்றித் தருகிறேன் என்கிறார். யாரை நம்புவது?

பதில்:

இரண்டு பேரும் வெவ்வேறு பொருளுக்கு விலை சொல்லியிருக்கிறார்கள். நீங்கள் எழுதியிருக்கும் அறிகுறிகளை வைத்துப் பார்த்தால் எலக்ட்ரீஷியன் சொல்வதுதான் உங்கள் வண்டிக்குப் பொருந்துகிறது. ஆனால் அவருக்கு 1,200 கொடுப்பதற்கு முன்னாலும் பார்க்க வேண்டிய சில விஷயங்கள் இருக்கின்றன. பேட்டரி டெர்மினல் லூசாக இருந்துவிட்டால் அந்த 1,200 கூடத் தண்டம்.

ஸ்டீயரிங்குக்குக் கீழே இருக்கும் பிளாஸ்டிக் கவரைக் கழற்றினால், வெளியிலிருந்து ஒரே பொருளாகத் தெரிவது மூன்று தனித்தனிப் பொருள்கள் என்று புரியும். முதலாவது, சாவி நுழைகிற பூட்டு. மெக்கானிக்குகள் இதைப் பேரல் என்பார்கள். உள்ளே மெல்லிய தகடுகள் வரிசையாக இருக்கும், சாவியின் வெட்டுக்கு அவை சரியாக இறங்கினால்தான் பேரல் சுழலும். ஸ்டீயரிங்கைப் பூட்டுகிற தண்டும் இதே உலோகக் கூட்டுக்குள்தான் இருக்கிறது. இரண்டாவது, அந்தப் பேரலின் பின்பக்கம் சிறிய ஸ்க்ரூவில் உட்கார்ந்திருக்கும் பிளாஸ்டிக் டப்பா. சாவி சுழலும்போது பேரலின் வால் இந்த டப்பாவுக்குள் இருக்கும் செம்புத் தகட்டைச் சுழற்றுகிறது. ஏசிசி (என்ஜின் ஓடாமல் ஸ்டீரியோ மட்டும் வேலை செய்யும் நிலை), ஆன், ஸ்டார்ட் என்று மின்சாரத்தைப் பிரித்து அனுப்புவது இந்த டப்பாதான். இக்னிஷன் சுவிட்ச் என்று சொல்ல வேண்டியது இதை மட்டும்தான். மூன்றாவது, சாவித் துளையைச் சுற்றி மோதிரம்போல் மாட்டியிருக்கும் இம்மொபிலைசர் காயில். சாவிக்குள் இருக்கும் சிப்பை இதுதான் படிக்கிறது. மாருதி கார்களில் இந்தத் திருட்டுத் தடுப்பு அமைப்புக்கு ஐகேட்ஸ் என்று பெயர் வைத்திருக்கிறார்கள்.

பேச்சு வழக்கில் இந்த மூன்றுக்கும் சேர்த்து 'சாவி சுவிட்ச்' என்று ஒரே பெயர்தான். பில் வித்தியாசம் முழுவதும் இங்கிருந்துதான் வருகிறது. பிளாஸ்டிக் டப்பா மட்டும் கெட்டிருந்தால் அதை மட்டும் மாற்றலாம். சாவியைத் தொட வேண்டாம், கோடிங் வேண்டாம், கதவுப் பூட்டு வேண்டாம். பேரல் கெட்டால் கதை வேறு. புதுப் பேரலுக்குப் புதுச் சாவி வரும், அந்தச் சாவி உங்கள் கதவையோ பெட்ரோல் மூடியையோ திறக்காது. அதனால்தான் நான்கைந்து பூட்டுகளையும் சேர்த்து லாக் செட் என்று விற்கிறார்கள். புதுச் சாவிக்குள் இருக்கும் சிப்பை வண்டியின் கம்ப்யூட்டருக்கு அறிமுகப்படுத்தும் கோடிங் வேலை தனி.

எது கெட்டிருக்கிறது என்பதைச் சாவியைத் திருப்பும் கையே பெரும்பாலும் சொல்லிவிடும். சாவி உள்ளே போக மறுக்கிறது, பாதியில் சிக்குகிறது, ஆட்டி ஆட்டித் திருப்ப வேண்டியிருக்கிறது, வெளியே எடுக்க வரவில்லை என்றால் பேரல் தேய்ந்திருக்கிறது. சாவி வெண்ணெய்போல் சுழல்கிறது, ஆனால் செல்ஃப் சில நேரம் எடுக்கிறது, சில நேரம் எடுப்பதில்லை, ஓடும்போது எல்லாம் அணைந்துபோகிறது என்றால் பின்னால் இருக்கும் டப்பா. என்ஜின் நன்றாகச் சுற்றுகிறது, ஆனால் பற்றிக்கொள்ளவில்லை, டேஷ்போர்டில் சாவிப் படம் போட்ட விளக்கு மினுங்குகிறது என்றால் இம்மொபிலைசர் பக்கம் பாருங்கள். சாவி சிக்குவதாக நீங்கள் எங்கும் எழுதவில்லை. லாக் செட் தேவைப்படாது என்று நான் நினைப்பதற்குக் காரணம் அதுதான்.

இப்போது உறுதிப்படுத்திக்கொள்ளும் வேலை. இரவில் ஹெட்லைட்டைப் போட்டுவிட்டு, சுவரில் விழும் வெளிச்சத்தைப் பார்த்துக்கொண்டே சாவியை ஸ்டார்ட்டுக்குத் திருப்புங்கள். செல்ஃப் எடுக்காமல் வெளிச்சம் மட்டும் சுருங்கி மஞ்சளாகிவிட்டால் குற்றவாளி பேட்டரி, டெர்மினல் அல்லது செல்ஃப் மோட்டார். வெளிச்சம் அப்படியே இருக்கிறது, 'டக்' சத்தம்கூட வரவில்லை என்றால் செல்ஃப் மோட்டாருக்கு உத்தரவே போய்ச் சேரவில்லை. அப்போது சந்தேகம் சுவிட்ச், செல்ஃப் ரிலே (சாவி சுவிட்சின் உத்தரவைக் கேட்டு செல்ஃபுக்குக் கரண்டைத் திறந்துவிடும் சின்னப் பெட்டி), நடுவில் இருக்கும் ஒயர் ஆகியவற்றின் மேல். கிளட்சை மிதித்தால்தான் ஸ்டார்ட் ஆகும் என்ற அமைப்புள்ள கார்களில் கிளட்ச் பெடலில் இருக்கும் சின்ன சுவிட்சையும் பார்க்க வேண்டும். அதன் விலை சொற்பம், ஆனால் அதற்காக செல்ஃப் மோட்டாரையே கழற்றி ரிப்பேர் செய்தவர்கள் உண்டு.

மல்டிமீட்டர் இருந்தால் இன்னும் தெளிவு. என்ஜின் ஓடாமல் சில மணி நேரம் நின்ற வண்டியில் பேட்டரி 12.6 வோல்ட் காட்டினால் முழு சார்ஜ். செல்ஃப் அடிக்கும்போது 9.6-க்குக் கீழே விழுந்தால் பேட்டரியைத்தான் முதலில் கவனிக்க வேண்டும். பேட்டரி நன்றாக இருந்தால், செல்ஃப் மோட்டாரின் மேல் இருக்கும் காந்த சுவிட்சான சாலினாய்டுக்குப் போகும் மெல்லிய ஒயரில் டெஸ்ட் லேம்ப் வைத்து, கியரை நியூட்ரலில் போட்டு ஹேண்ட்பிரேக்கை இழுத்துவிட்டு, வேறொருவரை சாவியைத் திருப்பச் சொல்லுங்கள். லேம்ப் பளிச்சென்று எரிந்தும் செல்ஃப் எடுக்கவில்லை என்றால் கோளாறு செல்ஃபில். எடுக்காத நேரத்தில் லேம்பும் எரியவில்லை என்றால் சுவிட்ச் பக்கம். உங்களுடையதுபோல் விட்டுவிட்டு வரும் கோளாறுக்கு இந்தச் சோதனையைச் செல்ஃப் எடுக்காத சமயத்தில்தான் செய்ய வேண்டும். நன்றாக இருக்கும் நேரத்தில் செய்தால் எல்லாம் சரியாகத்தான் காட்டும்.

கடைசியாக ஒன்று. வண்டி ஸ்பீடு பிரேக்கரில் நின்றபோது டேஷ்போர்டு எப்படி இருந்தது என்று நினைவுபடுத்திப் பாருங்கள். என்ஜின் நின்று, பேட்டரி விளக்கும் ஆயில் விளக்கும் சிவப்பாக எரிந்துகொண்டிருந்தால் ஆன் நிலையில் கரண்ட் வந்துகொண்டுதான் இருந்தது. அப்படியானால் ஃபியூயல் பம்ப், கிராங்க் சென்சார் பக்கம் தேட வேண்டும். டேஷ்போர்டும் சேர்ந்து இருட்டாகிவிட்டது என்றால் பெரும்பாலும் சுவிட்ச், அல்லது பேட்டரி டெர்மினல். டெர்மினலைக் கையால் முறுக்கிப் பாருங்கள், அசையவே கூடாது. பிறகு சாவியை ஆனில் வைத்து, சாவியை மெதுவாக மேலும் கீழும் ஆட்டுங்கள். டேஷ்போர்டு விளக்குகள் மினுக்கினாலோ ப்ளோயர் விட்டு விட்டு ஓடினாலோ சுவிட்ச்தான் என்று ஏறக்குறைய உறுதியாகிவிடும்.

இனி பணக் கணக்கு. நான் சொல்வது தமிழ்நாட்டில் ஆல்டோ, வேகன் ஆர், ஸ்விஃப்ட், ஐ10 மாதிரியான கார்களுக்கு ஏறக்குறைய வரும் தொகை. ஊருக்கு ஊர், மாடலுக்கு மாடல் மாறும். சுவிட்ச் டப்பா மட்டும் என்றால் பொருள் 400-லிருந்து 1,200 ரூபாய்க்குள், கூலி 300-லிருந்து 600 வரை. வேலை தெரிந்தவருக்கு ஒரு மணி நேரம் போதும். பேரல் தேய்ந்திருந்தால், சாவி செய்யும் கடைக்காரர் பேரலைக் கழற்றித் தகடுகளை மாற்றி, உங்கள் பழைய சாவிக்கே பொருத்தித் தருவார். அதற்கு 500-லிருந்து 1,500 வரை கேட்பார்கள். நிறையப் பேருக்கு இப்படி ஒரு வழி இருப்பதே தெரிவதில்லை. முழு லாக் செட் என்றால் இம்மொபிலைசர் இல்லாத பழைய வண்டிகளுக்கு 1,500-லிருந்து 3,000, இருப்பவற்றுக்கு 3,000-லிருந்து 6,000, அதற்கு மேல் கோடிங், கூலி. உங்களுக்குச் சொன்ன 7,400 இந்தக் கணக்கில்தான் வந்திருக்கிறது. தொகையில் கொள்ளை இல்லை. தேவையில்லாத பொருளுக்குச் சரியான விலை சொல்லியிருக்கிறார்கள்.

அவர்கள் ஏன் அப்படிச் சொல்கிறார்கள் என்பதும் தெரிந்திருக்க வேண்டும். சர்வீஸ் சென்டரில் பொருளை மாற்றுவதுதான் வேலை, பிரித்து ரிப்பேர் செய்வது அங்கே நடைமுறையில் இல்லை. சில மாடல்களுக்கு டப்பா தனிப் பார்ட் நம்பரில் வருவதும் இல்லை. ஆகவே போனில் கேட்கும்போது "இக்னிஷன் சுவிட்ச் என்ன விலை" என்று கேட்காதீர்கள். "லாக் செட் வேண்டாம், பேரலுக்குப் பின்னால் வரும் எலக்ட்ரிக்கல் காண்டாக்ட் சுவிட்ச் மட்டும் வேண்டும், என் சேசிஸ் நம்பருக்குத் தனியாக வருமா" என்று கேளுங்கள். பதில் வேறு மாதிரி வரும்.

பில்லில் இன்னொன்றையும் கவனியுங்கள். பாக்கெட்டில் அச்சிட்ட எம்ஆர்பி எல்லா வரியும் சேர்ந்த விலை. 2025 செப்டம்பர் 22-லிருந்து கார் உதிரிபாகங்களுக்கு ஜிஎஸ்டி 18 சதவீதம். வரிக்கு முந்தைய விலையைப் போட்டு அதன்மேல் 18 சதவீதம் சேர்த்திருந்தால், கூட்டுத்தொகை எம்ஆர்பியைத் தாண்டக் கூடாது. எம்ஆர்பியின் மேலேயே வரி போட்டிருந்தால் கேளுங்கள், உடனே திருத்தித் தருவார்கள். கூலிக்கு 18 சதவீதம் தனியாக வருவது முறைதான்.

பொருளை எங்கே வாங்குவது? மாருதிக்கு ஒரிஜினல் பாகங்கள் ஸ்பேர்ஸ் கடைகளிலேயே கிடைக்கும், ஹூண்டாய்க்கு மோபிஸ் என்ற பெயரில் வருவதை வாங்குங்கள். கார் கம்பெனிகளுக்குப் பூட்டும் சுவிட்சும் செய்து கொடுக்கும் மிண்டா போன்றவர்களின் பொருளும் கடையில் விற்கிறது, நம்பி வாங்கலாம். சென்னையில் ஜெனரல் பேட்டர்ஸ் ரோடு போனால் ஒரே நடையில் நாலு கடையில் விலை கேட்டுவிடலாம். பேர் தெரியாத பாக்கெட்டில் 150 ரூபாய்க்குக் கிடைப்பதைத் தொடாதீர்கள். உள்ளே செம்புக்குப் பதில் முலாம் பூசிய தகரம் இருந்தால் வெளியிலிருந்து கண்டுபிடிக்க வழியில்லை. புதுப்பேட்டையில் பழையது வாங்கலாமா என்று பலர் கேட்கிறார்கள். கதவு, பம்பர், கண்ணாடி என்றால் தாராளமாக வாங்குங்கள். சுவிட்ச் வேண்டாம். அதுவும் உங்களுடையதுபோலவே ஆயிரக்கணக்கான முறை திருப்பித் தேய்ந்ததுதான், மிச்சமாகும் சில நூறு ரூபாய்க்கு அந்த ஆபத்து தேவையில்லை.

கழற்றிய சுவிட்சை எலக்ட்ரீஷியனிடம் கேட்டு வாங்கிப் பிரித்துப் பாருங்கள். ஓரத்தில் இருக்கும் கிளிப்பை நெம்பினால் திறந்துகொள்ளும். நல்ல சுவிட்சில் செம்புத் தகடு மழமழவென்று இருக்கும், அதன்மேல் வெளிர் நிறக் கிரீஸ். கெட்டதில் அந்தக் கிரீஸ் கரியாகிப் பசைபோல் ஒட்டும். ஸ்டார்ட் காண்டாக்ட் தொடும் இடத்தில் தகடு குழி விழுந்து, சுற்றியிருக்கும் பிளாஸ்டிக் உருகி வழிந்திருக்கும். அந்தக் குழிதான் உங்கள் 'நாலைந்து முறை திருப்பினால் எடுக்கிறது'. ஒவ்வொரு முறையும் தகடு வேறு இடத்தில் தொட்டுப் பார்க்கிறது, கரி இல்லாத இடம் கிடைத்தால் செல்ஃப் எடுக்கிறது.

அதே நேரத்தில் ஒயரிங்கிலிருந்து வந்து சுவிட்சில் சொருகும் கப்ளரையும் பார்க்க வேண்டும். ஏதாவது ஒரு பின்னைச் சுற்றிலும் வெள்ளைப் பிளாஸ்டிக் பழுப்பாகியிருந்தால் அந்த டெர்மினல் சூடேறி இறுக்கம் இழந்துவிட்டது. கப்ளரை அப்படியே விட்டுப் புது சுவிட்சைச் சொருகினால், லூசான டெர்மினல் புது சுவிட்சையும் எரித்துவிடும். 'ஒரிஜினல் போட்டும் ஒரு வருஷம்கூட வரவில்லை' என்று புலம்புகிறவர்களில் பலருக்கு இதுதான் காரணம். புது டெர்மினல் கிரிம்ப் செய்து கப்ளரை மாற்ற 200 ரூபாய்க்கு மேல் ஆகாது. இந்த வேலையைச் செய்கிற எலக்ட்ரீஷியன் கொஞ்சம் கூடுதலாகக் கேட்டாலும் கொடுக்கலாம்.

சுவிட்ச் ஏன் எரிந்தது என்று தெரியாமல் மாற்றுவதும் வீண்தான். செல்ஃப் ரிலே இல்லாத வண்டிகளில், பழைய மாருதி 800, ஆம்னி மாதிரி, சாலினாய்டு இழுக்கும் கணத்தில் முப்பது ஆம்பியரை நெருங்கும் கரண்ட் முழுவதும் சாவி சுவிட்ச் வழியாகத்தான் போகும். செல்ஃப் மோட்டார் வயதாகி இறுகியிருந்தால் நாம் சாவியைப் பிடித்திருக்கும் நேரமும் கூடும். நம் ஊர் எலக்ட்ரீஷியன்கள் இதற்குத் தனியாக ஒரு ரிலே போட்டுக் கொடுப்பார்கள். ரிலே, ஃபியூஸ், ஒயர் எல்லாம் சேர்த்து 500 ரூபாய்க்குள் முடியும். பேட்டரியிலிருந்து நேராக வரும் கரண்டை ரிலே தாங்கிக்கொள்ளும், சாவி சுவிட்ச் ரிலேவுக்கு உத்தரவு கொடுத்தால் போதும். மிக நல்ல வைத்தியம் இது. ஆனால் ஸ்டார்ட் காண்டாக்டுக்கு மட்டும்தான் உதவும். ஓடும்போது வண்டி அணைகிற கோளாறு ஆன் காண்டாக்டில் இருக்கிறது, அதற்கு ரிலே பரிகாரம் ஆகாது. மேலே சொன்ன சோதனையில் கோளாறு சுவிட்சில்தான் என்று தெரிந்தால், உங்கள் வண்டிக்கு அதை மாற்றியே ஆக வேண்டும். அதோடு ஃபாக் லேம்ப், ஆம்ப்ளிஃபையர், கூடுதல் ஹார்ன் என்று எதையாவது ரிலே இல்லாமல் இக்னிஷன் ஒயரிலிருந்து இழுத்திருந்தால் அதையும் இப்போதே சரிசெய்யச் சொல்லுங்கள். சாவியோடு வீட்டுச் சாவி, பீரோ சாவி, பித்தளைப் பிள்ளையார் என்று கொத்தாகத் தொங்கவிட்டிருந்தால் கழற்றிவிடுங்கள்.

சாவிக் கொத்து விஷயத்தை லேசாக எடுத்துக்கொள்ள வேண்டாம். அமெரிக்காவில் ஜெனரல் மோட்டார்ஸ் கம்பெனியின் செவ்ரோலெட் கோபால்ட், சாட்டர்ன் அயான் முதலிய கார்களில் இருந்த இக்னிஷன் சுவிட்ச், ஆன் நிலையில் சாவியைப் பிடித்துவைக்கும் அளவுக்கு இறுக்கமாக இல்லை. கனமான சாவிக் கொத்து குலுங்கினாலோ முழங்கால் பட்டாலோ சாவி ஏசிசிக்கு நழுவிவிடும். என்ஜின் நின்றுவிடும், பவர் ஸ்டீயரிங் போய்விடும், கொடுமை என்னவென்றால் மோதும்போது ஏர்பேக்கும் விரியாது. 2014-இல் 26 லட்சம் கார்களைத் திரும்ப அழைத்தார்கள். அந்தக் கம்பெனி அமைத்த இழப்பீட்டு நிதி 124 மரணங்களுக்கு இழப்பீடு கொடுத்தது. 2015 செப்டம்பரில் அமெரிக்க அரசுக்கு 90 கோடி டாலர் கட்ட ஒப்புக்கொண்டார்கள். திருத்திய பாகத்துக்கு ஒரு காருக்கு ஆகக்கூடிய செலவு 57 சென்ட் என்று அந்நாட்டு நாடாளுமன்ற விசாரணையில் பேசப்பட்டது. உங்கள் வண்டியில் அதே பழுது இருக்கிறது என்று சொல்லவில்லை. ஓடும் வண்டியில் இந்தச் சின்ன டப்பா துண்டித்துக்கொண்டால் என்ன நடக்கும் என்பதற்காகச் சொல்கிறேன்.

ஆகவே சுவிட்சை மாற்றும் வரை ஹைவேயில் எடுக்காதீர்கள். மறுபடி ஓடும்போது நின்றுவிட்டால் பதற்றத்தில் சாவியை வெளியே எடுத்துவிடக் கூடாது, எடுத்தால் ஸ்டீயரிங் பூட்டிக்கொள்ளும். ஸ்டீயரிங் கனமாக இருக்கும், ஆனால் திரும்பும். பிரேக்கை விட்டு விட்டுப் பலமுறை மிதிக்காமல் ஒரே அழுத்தமாக மிதியுங்கள். பிரேக்கை லேசாக்கித் தரும் பூஸ்டரில் மிச்சமிருக்கும் வேக்குவம் ஓரிரு மிதிக்குத்தான் வரும், அதற்குப் பிறகு பெடல் கல்லாகிவிடும். ஹசார்டு விளக்குக்குக் கரண்ட் நேராகப் பேட்டரியிலிருந்து வருவதால் சுவிட்ச் செத்திருந்தாலும் அது எரியும். போட்டுக்கொண்டு ஓரம் கட்டுங்கள்.

வேறு கார் வைத்திருப்பவர்களும் இதைப் படிப்பார்கள் என்பதால் சுருக்கமாக. பட்டன் ஸ்டார்ட் கார்களில் இந்தப் பேரலே கிடையாது. ஸ்டார்ட் ஆகவில்லை என்றால் முதலில் சாவியின் பட்டன் செல்லை மாற்றுங்கள், பிறகு பிரேக் பெடலில் இருக்கும் ஸ்டாப் லைட் சுவிட்சைப் பாருங்கள். பிரேக் மிதித்தது தெரிந்தால்தான் அந்த வண்டி ஸ்டார்ட் ஆகும். போலோ, ரேபிட் போன்றவற்றில் சுவிட்ச் டப்பா விலை அதிகமில்லை, ஆனால் ஸ்டீயரிங் பக்கம் கழற்ற வேண்டியது நிறைய, கூலி ஏறும். மெர்சிடிஸ் போன்ற கார்களின் எலக்ட்ரானிக் இக்னிஷன் யூனிட் என்றால் பத்தாயிரங்களில்தான் பேச்சு. அங்கே புதிது வாங்கும் முன் யூனிட்டைப் பிரித்து ரிப்பேர் செய்பவர்களிடம் காட்டுவது நல்லது.

இன்சூரன்ஸ் கிடைக்குமா என்றால், தேய்ந்து எரிந்த சுவிட்சுக்குக் கிடைக்காது. யாராவது வண்டியைத் திருட முயன்று பூட்டை உடைத்திருந்தாலோ சாவி தொலைந்து லாக் செட் மாற்ற வேண்டியிருந்தாலோ, கீ ரீப்ளேஸ்மென்ட் ஆட்-ஆன் எடுத்திருக்கிறீர்களா என்று பாலிசியில் பாருங்கள். திருட்டு தொடர்பானது என்றால் போலீஸ் புகார் நகல் கேட்பார்கள்.

வேலை நடக்கும்போது கூடவே இருங்கள். முதலில் பேட்டரியின் மைனஸைக் கழற்ற வேண்டும், ஏர்பேக் உள்ள வண்டி என்றால் அதன் பிறகு சில நிமிடம் காத்திருக்க வேண்டும். மஞ்சள் கப்ளர் எதையும் மீட்டர் வைத்துச் சோதிக்கக் கூடாது, அது ஏர்பேக் ஒயர். டப்பாவை மாற்ற ஸ்க்ரூ டிரைவர் போதும். எலக்ட்ரீஷியன் சுத்தியலும் உளியும் எடுத்தால் நிறுத்திக் கேளுங்கள். ஸ்டீயரிங் லாக் கூட்டைப் பிடித்திருக்கும் போல்ட்டுகளைத் திருடன் கழற்றக் கூடாது என்பதற்காகத் தலை முறிந்துபோகும்படி இறுக்கியிருப்பார்கள், உளி அதற்குத்தான் தேவைப்படும். உங்கள் வேலைக்கு அந்தக் கூட்டைக் கழற்ற வேண்டிய அவசியம் பெரும்பாலும் வராது.

மாட்டி முடித்ததும் கவரை மூடும் முன்பே சோதித்துவிடுங்கள். சாவியை ஸ்டார்ட்டில் திருப்பி விட்டதும் அது தானாக ஆனுக்குத் திரும்ப வேண்டும், செல்ஃப் சத்தம் அந்தக் கணமே நிற்க வேண்டும். ஒட்டிக்கொண்டு ஓடினால் செல்ஃப் மோட்டாரே போய்விடும். ஆனில் வைப்பர், ப்ளோயர், இண்டிகேட்டர், பவர் விண்டோ, ஏர்பேக் விளக்கு எரிந்து அணைவது, ஏசிசியில் ஸ்டீரியோ, சாவியை எடுத்ததும் ஸ்டீயரிங் பூட்டு என்று ஒவ்வொன்றாகப் பாருங்கள். பிறகு என்ஜினை ஓடவிட்டுச் சாவியைப் பழையபடி ஆட்டுங்கள். ஒரு விளக்கு மினுங்கினாலும் பணம் கொடுக்கும் முன்பே கப்ளரைக் கழற்றி டெர்மினல்களை இன்னொரு முறை பார்க்கச் சொல்லுங்கள்.